புல்தரைக்கும் போடிக்கும் என்ன சம்பந்தம்?

கணினி விளையாட்டுகள் செய்யும் மென்பொருளான கேம் எஞ்சினைக் கற்றுக்கொண்டு கோல்ஃப் மைதானம் வடிவமைக்கப் போகிறேன் என்று போடிநாயக்கனூரில் ஒரு பையன் வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும் என்று யோசிக்கவே வேண்டாம். "தோட்டத்தைப் பார்க்க ஆளில்லை, இவன் கம்ப்யூட்டரில் புல் வளர்க்கிறானாம்." எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அந்தக் கேலிக்குள் நாலைந்து வாதங்கள் சுருண்டு கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் நிற்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கோல்ஃப் துரைமார் ஆட்டம், நமக்கும் அதற்கும் ஒட்டில்லை என்பது முதல் வாதம். துரைமார் கொண்டுவந்ததுதான், மறுக்கவில்லை. அவர்கள் எங்கே ஆடினார்கள்? போடியிலிருந்து குரங்கணி வழியாக மலையேறினால் டாப் ஸ்டேஷன். அதைத் தாண்டி இறங்கினால் குண்டளை. அங்கே 9 குழி மைதானம் இருக்கிறது. இன்னும் போனால் மூணாறு ஹைரேஞ்ச் கிளப். வடக்கே கொடைக்கானலில் 1895-லேயே கோல்ஃப் கிளப் தொடங்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத்தான் கப்பலுக்குப் போனது. சரக்குக்கு நாம் வழி, ஆட்டத்துக்கு மட்டும் அந்நியரா? அதுவும் போக, மைதானம் வடிப்பவன் மட்டை பிடித்தே ஆகவேண்டும் என்பதில்லை. பந்து எவ்வளவு தூரம் போகும், எங்கே உருளும், 108 மில்லிமீட்டர் அகலக் குழியில் எப்படி விழும் என்பது தெரிந்தால் போதும்.

அடுத்தது, விளையாட்டு மென்பொருளில் செய்வது எதுவும் நிஜத்துக்கு உதவாது என்பது. இதைச் சொல்பவர்கள் லிடோவின் கதையைக் கேட்கவேண்டும். நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்ட் கடற்கரையில், சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால், சார்லஸ் பிளேர் மெக்டொனால்ட் என்பவர் வடிவமைத்த புகழ்பெற்ற மைதானம் அது. இரண்டாம் உலகப் போரின்போது கடற்படை நிலத்தை எடுத்துக்கொள்ள, மைதானம் சுவடில்லாமல் போனது. பல பத்தாண்டுகள் கழித்துப் பீட்டர் ஃபிளோரி என்பவர் அதைத் தேட ஆரம்பித்தார். அவர் தொழில்முறை வடிவமைப்பாளர் இல்லை, நிதித்துறைக்காரர். பழைய புகைப்படங்களைக் கண்டுபிடித்து, நிழல் விழும் விதத்தையெல்லாம் பார்த்து, 'தி கோல்ஃப் கிளப் 2019' என்ற கணினி விளையாட்டுக்குள் இருந்த வடிவமைப்புக் கருவியில் மேடு மேடாக அதை மீட்டெடுத்தார். அந்த விளையாட்டு யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் செய்யப்பட்டது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. விஸ்கான்சின் மாநிலத்துச் சேண்ட் வேலியில் டாம் டோக் என்ற வடிவமைப்பாளர் அதே லிடோவை மண்ணில் கட்டினார். புல்டோசர்களுக்கு வழிகாட்டியது அந்தக் கணினி மேடுபள்ளம்தான். 2023-ல் ஆட்டம் தொடங்கியது. விளையாட்டிலிருந்து மண்ணுக்கு வந்த மைதானம்!

மண்ணுக்கு வராமலே பிழைப்பவையும் உண்டு. தென்கொரியாவில் 2000-ல் தொடங்கிய கோல்ஃப்சோன் நிறுவனம் திரை கோல்ஃபை ஊர் ஊராகப் பரப்பியது. கோல்ஃப் வீரர்கள் டைகர் வுட்ஸும் ரோரி மெக்கில்ராயும் சேர்ந்து ஆரம்பித்த டிஜிஎல் போட்டி 2025 ஜனவரியிலிருந்து அரங்கத்துக்குள், ராட்சதத் திரையை நோக்கி அடித்து ஆடப்படுகிறது. நிஜத்தில் 18 குழி மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். நம் மலையில் அப்படி ஒன்று வேண்டவே வேண்டாம் என்று நானே கொடி பிடிப்பேன். திரையில் வரும் மைதானத்துக்கு ஒரு மரமும் விழாது.

இனி முக்கியமான வாதம்: "இதெல்லாம் கோடிங் படித்தவன் வேலை." இங்கேதான் ரொம்பப் பேர் தப்பாக நினைக்கிறார்கள். மைதானம் வடிப்பதில் நிரல் எழுதும் வேலை மிகக் குறைவு. முதலில் நிலத்தின் உயரங்கள் ஒரு கருப்பு-வெள்ளைப் படமாக எஞ்சினுக்குள் போகும்; வெள்ளை என்றால் உச்சி, கருப்பு என்றால் பள்ளம். கற்றுக்குட்டி இந்தப் படத்தை 8 பிட்டில் சேமித்துவிடுவான். 256 படிகள்தான் கிடைக்கும். 100 மீட்டர் உயர வித்தியாசமுள்ள மலை, ஒரு படிக்கு 39 சென்டிமீட்டர் என்று படிக்கட்டாகிப் போகும். 16 பிட்டில் சேமித்தால் 65,536 படிகள், படிக்கு ஒன்றரை மில்லிமீட்டர். 7 மில்லிமீட்டர் ஏலக்காய்க்கும் 8 மில்லிமீட்டர் ஏலக்காய்க்கும் விலை வேறு என்று சல்லடை போட்டுப் பிரிக்கும் ஊருக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டுமா?

உயரத் தகவல் எங்கிருந்து வரும்? அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் விமானத்திலிருந்து லேசரால் அளந்த நுட்பமான தகவலை அரசே இலவசமாகத் தருகிறது. நமக்கு இலவசமாகக் கிடைக்கும் கார்ட்டோசாட் செயற்கைக்கோள் உயரப்படம் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. ஒரு கட்டம் 900 சதுர மீட்டர். குழி இருக்கும் வழுவழுப்பான புல்தரையை, அதாவது கிரீனை, எடுத்துக்கொண்டால் பொதுவாக 500 சதுர மீட்டர் சொச்சம். முழு கிரீனும் ஒரே கட்டத்துக்குள் விழுங்கப்பட்டுவிடும். ஆகவே குண்டளையையோ கொடைக்கானலையோ திரையில் கொண்டுவர நினைப்பவன் நடந்து பார்த்துத்தான் ஆகவேண்டும். அங்கே உதவுவது மவுஸ் இல்லை, கண்.

அந்தக் கண் இங்கே நிறையப் பேருக்கு இருக்கிறது. விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறும் ஆட்களைக் கேளுங்கள். எந்தச் சரிவில் தண்ணீர் தங்கும், எங்கே தங்கினால் ஏலச்செடிக்கு அழுகல் வரும், எங்கே வாய்க்கால் வெட்டவேண்டும் என்று பார்த்த பார்வையில் சொல்வார்கள். கிரீனில் குழியைச் சுற்றி நூற்றுக்கு இரண்டு, மூன்றுக்கு மேல் சரிவு தாங்காது. அதைத் தாண்டினால் பந்து நிற்காது. தண்ணீர் போகும் வழியில்தான் பந்தும் போகும். இது தெரியாமல் மென்பொருளை மட்டும் கரைத்துக் குடித்தவன் வடிக்கும் மைதானம் மெத்தை விரிப்பு மாதிரி இருக்கும். எங்கே தொட்டாலும் ஒரே மேடு, ஒரே பள்ளம்.

இதற்கு நேர் எதிரான பேச்சு ஒன்றும் உலவுகிறது. ஆறு மாதம் கேம் எஞ்சின் படித்தால் டாலர் கொட்டும் என்கிறது அது. அதையும் நம்பவேண்டாம். ஜிஎஸ்புரோ போன்ற திரை கோல்ஃப் மென்பொருள்களுக்கு மைதானம் செய்து தருபவர்களில் பெரும்பாலோர் ஆசைக்குச் செய்பவர்கள். ஒரே கம்பெனியை நம்பியிருப்பதும் ஆபத்து. 2023 செப்டம்பரில் யூனிட்டி, விளையாட்டு நிறுவப்படும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்று அறிவித்து உலகத்துத் தயாரிப்பாளர்களை நடுங்க வைத்தது. ஒரு வருஷம் கழித்துத்தான் கைவிட்டது. காசு வரக்கூடியது பக்கத்து வேலைகளில்தான்: கட்டடக் காட்சி, சாலைத் திட்டம், சுற்றுலா, நில அளவை. எல்லாவற்றுக்கும் அடிப்படை அதே மேடுபள்ளம்.

நிற்கிற வாதம் எது என்றேனே, அது கருவியின் விலை. யூனிட்டி சிறு வருமானக்காரர்களுக்கு இலவசம். முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர் 2002-லிருந்தே கட்டற்ற மென்பொருள். ஆனால் இவை ஓட நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி வேண்டும், கைபேசியில் நடக்காது. கூலி வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு சீசன் சம்பளம். பாடங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 2012-லிருந்து போடியில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள கணினிகள் சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தால் பாதித் தூரம் கடந்துவிடலாம்.

தொடங்குபவனுக்கு முதல் பயிற்சியாக லிடோவோ குண்டளையோ வேண்டாம். சொந்தத் தோட்டத்தில் ஒரு சரிவைத் திரையில் செய்து, மழை பெய்தால் தண்ணீர் எப்படி இறங்கும் என்று அப்பாவை விரல் வைத்துக் காட்டச் சொல்லவேண்டும். பிறகு அதே இடத்தில் ஒரு பந்தை விட்டுப் பார்க்கவேண்டும். அது வேறு பக்கம் உருண்டால், தப்பு அப்பாவிடம் இல்லை.