பத்து லட்சம் டாலர் இருந்தால் புத்தி வந்துவிடுமா?

அமெரிக்காவில் தனியார் ரியல் எஸ்டேட் திட்டங்கள் பலவற்றில் பணம் போட "அக்ரெடிட்டட் இன்வெஸ்டர்" என்ற தகுதி வேண்டும். கடந்த இரண்டு வருடமும் 2 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் (தம்பதியாக என்றால் 3 லட்சம்), இந்த வருடமும் அது வரும் என்ற நம்பிக்கை. இல்லையென்றால் குடியிருக்கும் வீட்டைக் கழித்து 10 லட்சம் டாலருக்கு மேல் சொத்து.

வேடிக்கை என்னவென்றால், இந்த 2 லட்சமும் 10 லட்சமும் 1982-ல் போட்ட கோடு. விலைவாசி எங்கேயோ போய்விட்டது, கோடு மட்டும் நகரவில்லை. 2010-ல் வீட்டைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். 2020-ல்தான் சீரீஸ் 65 போன்ற உரிமம் வைத்திருப்பவர்களையும் சேர்த்தார்கள். அதுவரை தாத்தா சொத்து வந்தவருக்குக் கதவு திறக்கும், பேலன்ஸ் ஷீட்டைக் கரைத்துக் குடித்த வாத்தியாருக்குத் திறக்காது!

சரி, உள்ளே போனவர் கதை? பங்கு மாதிரி நினைத்த நாளில் விற்றுவிட்டு வர முடியாது. பணம் வருடக்கணக்கில் முடங்கும். அதைவிடப் பெரிய வில்லன் கடன். பல அபார்ட்மென்ட் திட்டங்கள் மாறும் வட்டியில் கடன் வாங்கியவை. 2022 தொடக்கத்தில் பூஜ்யத்தை ஒட்டி இருந்த ஃபெடரல் ரிசர்வ் வட்டி 2023 ஜூலையில் 5.25-5.50 சதவீதம். வாடகை அந்த வேகத்தில் ஏறுமா என்ன? முதலில் மாதாமாதம் வந்த பணம் நிற்கும். அப்புறம் "இன்னும் கொஞ்சம் போடுங்கள்" என்று கடிதம் வரும். கட்டடத்தையே விற்றாலும் கடன் கொடுத்தவருக்குத்தான் முதல் பந்தி. முதலீட்டாளர் உட்காரும்போது இலை மட்டும் மிஞ்சியிருக்கலாம்.