கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள், ஐயா!

"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா! ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்!"

பிள்ளையின் கையைப் பற்றி அழைத்துவந்து ஆசிரியர்முன் நிறுத்தும் தந்தை சொல்லும் வாசகம் இது. தலைமுறை தலைமுறையாகத் தமிழகத்தின் எல்லா ஊர்களிலும் ஒலித்துவரும் வாசகம். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் பழகிப்போன வாசகம். ஆனால் பாலாற்றங்கரையில், பள்ளிகொண்டாவில், தோல் பதனிடும் தொழிலாளி ஒருவர் இதனைச் சொல்லும்போது கேட்கிற நமக்கு நெஞ்சு நடுங்கத்தான் செய்கிறது. உரித்த தோல் என்ன பாடுபடும் என்பதை அவரைவிட அறிந்தவர் யார்? உப்பிட்டு வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் இட்டு, மயிர் களைந்து, ஒட்டியிருக்கும் சதையைச் சீவி, குரோமிய உப்புக் கரைத்த பீப்பாயில் சுழலவிட்டு, பிழிந்து, உலர்த்தி, மெருகேற்றி... அத்தனையும் அவர்தம் கூட்டத்தார் கைகளால் நடைபெறும் வேலை. அந்தக் கைகளின் தோலையும் சுண்ணாம்பு தின்றிருக்கும். அந்தக் கைகளைக் கூப்பிக்கொண்டு, தம் பிள்ளையின் தோலை உரிக்க அனுமதி தருகிறார்!

அந்த அனுமதியைப் பற்றித்தான் இந்த ஞாயிறு பேச விரும்புகிறோம். ஆசிரியர் கையிலிருக்கும் பிரம்பு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அதை அவர் கையில் கொடுத்தது யார் என்பதை எவரும் கேட்பதில்லை.

பெருமாள் பள்ளிகொண்டிருப்பதால் பள்ளிகொண்டா என்று பெயர் பெற்ற ஊர் அது. உத்தர ரங்கநாதர் என்பது அவர் திருப்பெயர். அவர் கிடந்த கோலத்தில் கிடக்கட்டும், நமக்கு வழக்கில்லை. ஆனால் அவரோடு சேர்ந்து சட்டமும் பள்ளிகொண்டுவிட்டதே, அதற்கு யாரைக் கேட்பது?

சட்டம் இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி திருத்தப்பட்டுப் பள்ளிகளில் உடல் தண்டனை விலக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடலை வருத்துவதையும் உள்ளத்தை வதைப்பதையும் ஒருங்கே தடுக்கிறது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் இன்னும் ஒருபடி மேலே சென்று, பெற்றோரின் தொழிலையோ சாதியையோ சுட்டி மாணவனை ஏளனம் செய்வதும் தண்டனையே என்று வரையறுத்தன. அந்த வழிகாட்டுதல்களைச் செயற்படுத்துமாறு 2024 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டு அரசுக்கு ஆணையும் இட்டது. "நீயெல்லாம் தோல் கம்பெனிக்குத்தான் லாயக்கு" என்று எந்த ஆசிரியராவது வாய் தவறிச் சொன்னால், அந்தச் சொல்லும் பிரம்படிக்கு ஒப்பான குற்றம் என்பதே இதன் பொருள். இவ்வட்டாரத்து வகுப்பறைகளில் இதை உணர்ந்தோர் எத்தனை பேர்?

சட்டத்தில் ஓட்டைகளும் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரைக்கும்தான் பேசுகிறது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அங்கே இடமில்லை. மீறிய ஆசிரியர்மீது பணிவிதிகளின்படி துறை நடவடிக்கை என்பதோடு அந்தப் பிரிவு நின்றுவிடுகிறது.

இவற்றினும் பெரிய ஓட்டை குற்றவியல் சட்டத்தில் இருக்கிறது. மெக்காலே தலைமையில் வரைவு எழுதப்பட்டு, 1860ஆம் ஆண்டில் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக, அதன் காப்பாளராலோ அவருடைய இசைவோடு பிறராலோ நல்லெண்ணத்துடன் செய்யப்படும் செயல் குற்றமாகாது என்றது. 2024 ஜூலை முதல் அச்சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட பாரதிய நியாய சன்ஹிதாவில், பெயர் மாறியது, எண் மாறியது, 27ஆம் பிரிவாக அதே பொருள் வந்து அமர்ந்துகொண்டது! வெள்ளையன் எழுதிய சட்டத்தைக் களைந்தெறிந்தோம் என்று மார்தட்டியவர்கள், காப்பாளரின் இசைவு என்னும் அந்தத் திரையை மட்டும் பத்திரமாக மடித்து எடுத்து வந்தார்கள்.

அந்த இசைவு எத்தகைய பொருள் என்பதற்கு அதே 1860ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்த வழக்கொன்று சான்று. ஈஸ்ட்போர்ன் என்னும் ஊரில் ஹாப்ளி என்னும் பள்ளி ஆசிரியர், பாடம் ஏறாத மாணவன் ஒருவனைக் கடுமையாக அடிக்க அனுமதி வேண்டி அவன் தந்தைக்குக் கடிதம் எழுதினார். தந்தை இசைவு தந்தார். மாணவன் அடிபட்டே இறந்தான். ஆசிரியருக்கு நான்காண்டுச் சிறை. ஆனால் தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி, அளவோடு அடிக்கும் உரிமை தந்தைக்கும், தந்தையின் உரிமையைப் பெற்ற ஆசிரியருக்கும் உண்டு என்றே எழுதிவைத்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆங்கிலேயர் பிரம்புக்கு அந்தத் தீர்ப்பே அரணாக நின்றது. அவர்களே பின்னர் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் தங்கள் அரசுப் பள்ளிகளிலிருந்து அதனை விலக்கிவிட்டார்கள்.

ஹாப்ளிக்குக் கடிதத்தில் இசைவு தந்தவர் வசதி படைத்தவர். நம் தொழிலாளி கை கூப்பித் தருகிறார். வேறுபாடு அவ்வளவுதானா? அன்று. நம் தொழிலாளி தருவது கொடுமை மனத்தால் அன்று, அச்சத்தால். தாம் நிற்கும் சுண்ணாம்புக் குழியில் தம் மகன் நிற்கக்கூடாது என்னும் அச்சம். அதிலிருந்து கரையேற இருக்கும் ஒரே படிக்கட்டு படிப்பு. படிக்கட்டின் சாவி ஆசிரியர் கையில். அவர் மனம் கோணினால் என்னாவது? ஆகவே, "அடியாத மாடு படியாது" என்று தாம் கேட்டு வளர்ந்த பழமொழியை, தம்மையே மாடாக நடத்திய உலகத்திடமிருந்து கற்ற பழமொழியை, மகன்மீது ஏவுகிறார். அவரை எள்ளி நகைக்க நமக்கு உரிமையில்லை.

"அடி நம் மரபு; குருகுலம் கண்ட நாடு இது" என்று உரைக்கும் பண்டிதர்களை மட்டும் கொஞ்சம் நகைக்கலாம். 1823ஆம் ஆண்டில் பெல்லாரி மாவட்ட ஆட்சியர் காம்ப்பெல், அன்றைய நாட்டுப் பள்ளிகளைப் பற்றிச் சென்னை அரசுக்கு எழுதிய அறிக்கை கிடைத்திருக்கிறது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் கலைமகளின் பெயர்; மூன்றாவதாக வருபவனுக்கு ஓரடி, நான்காமவனுக்கு ஈரடி, அடுத்தடுத்து வருபவனுக்கு ஒவ்வோர் அடி கூடுதல். சோம்பியவனை இரு கைகளையும் கட்டிக் கப்பியால் கூரையில் தொங்கவிடுவர் என்றும் எழுதினார். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளையைத் தொங்கவிடும் கயிற்றுக்குக் கோதண்டம் என்று பெயர். இராமபிரான் கைவில்லின் பெயரை எங்கே கொண்டுபோய்ச் சூட்டினார்கள் பார்த்தீர்களா! அந்தத் திண்ணைகளிலும் தோல் உரிப்போன் மகனுக்கு இடம் எங்கே இருந்தது? பள்ளிக்குள் நுழையவே விடாதவர்கள் அவனை அடிக்கவும் இல்லை. அவன் உள்ளே வந்தது போராட்டத்தால். வந்தவனைத் திண்ணையின் கோதண்டம் காத்திருந்து பற்றிக்கொண்டது.

இங்கேதான் அரசியல் தொடங்குகிறது, தோழர்களே.

1953ஆம் ஆண்டில் இராஜாஜி அமைச்சரவை, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாதிநேரம் படிப்பு, மீதிநேரம் தகப்பன் தொழில் என்றொரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று நாடு அதற்குச் சரியான பெயரைச் சூட்டிற்று; கொதித்தெழுந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் குப்பைக்குப் போயிற்று. செருப்புத் தைப்பவன் மகன் செருப்புத் தைக்கவும், தோல் பதனிடுபவன் மகன் தோல் பதனிடவும் அரசே ஆணையிடும் அநீதி அன்றோடு ஒழிந்தது.

ஆணை ஒழிந்தது; விளைவு ஒழிந்ததா? ஒன்பதாம் வகுப்பில் அடிக்கு அஞ்சி ஒருநாள் பள்ளிக்கு வராதவன், வராத குற்றத்துக்கு அடி கிடைக்கும் என்று மறுநாளும் வராதவன், மூன்றாம் நாள் எங்கே போவான்? பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வாயில்கள் திறந்திருக்கின்றன. குடியாத்தம் வட்டாரத்தில் பீடித்தட்டு காத்திருக்கிறது. முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகளைப் பீடி சுற்ற விட்டுவைத்த கொடுமை 1990களில் இவ்வட்டாரத்தில் வெளிப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. இராஜாஜியார் சட்டத்தால் செய்ய முயன்று தோற்றதை, மூன்றடி நீளப் பிரம்பு ஓசையின்றிச் செய்துமுடிக்கிறது. குலக்கல்வியை எதிர்த்த நாம் பிரம்பைக் கண்டும் காணாமல் இருப்பது எந்த வகை நியாயம்?

பிரம்பு என்றதும் கழியை மட்டும் நினைக்கவேண்டாம். "நாளைக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தால்தான் வகுப்பில் உட்காரலாம்." இதிலே அடி எங்கே இருக்கிறது என்பார்கள். நாட்கூலிக்காரர் வீட்டில், தந்தை பள்ளிக்கு வந்தால் அன்றைய கூலி போயிற்று. காலையிலேயே கம்பெனி வண்டியேறி ஷூ தைக்கச் செல்லும் தாய், அரைநாள் அனுமதி கேட்டு மேற்பார்வையாளர்முன் நிற்கவேண்டும். தண்டனை பிள்ளைக்கு, அபராதம் குடும்பத்துக்கு. அந்தக் கணக்கைப் பிள்ளை அறியும். அறிந்ததாலேயே வீட்டில் வாய் திறக்க அஞ்சும்.

2017 நவம்பர் 24ஆம் நாளை இவ்விடத்தில் நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. அன்று வேலூர் மாவட்டத்திலும் இன்று இராணிப்பேட்டை மாவட்டத்திலும் உள்ள பனப்பாக்கத்தில், அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவியர் நால்வர் ஒரே நாளில் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். ஆசிரியர் கண்டித்ததும், பெற்றோரை அழைத்துவரச் சொன்னதுமே அன்று வெளிவந்த செய்திகள். ஆசிரியைகள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். இளம் உயிர்கள் போனமைக்கு ஒரே ஒரு காரணத்தைச் சுட்டுவது அறியாமை. நாம் அதைச் செய்யவில்லை. எவரும் அவர்கள்மீது பிரம்பு வீசியதாகச் செய்தியில்லை. "பெற்றோரை அழைத்து வா" என்னும் நாள்தோறும் ஒலிக்கும் கட்டளை, ஏழை வீட்டுப் பெண்ணின் நெஞ்சில் எவ்வளவு பாரமாக இறங்கும் என்பதை அதற்குமுன் எவரும் எடைபோட்டுப் பார்த்ததில்லை. பின்னரும் போட்டோமா?

ஆசிரியர் பெருமக்கள் சினங்கொள்வர் என்பதை அறிவோம். "பிரம்பைப் பறித்துவிட்டீர்கள், இப்போது பிள்ளைகள் எங்களை அடிக்க வருகிறார்கள்" என்பது அவர்கள் குறை. பொய்க்குறை அன்று. 2022 ஏப்ரலில், பள்ளிகொண்டாவை அடுத்த மாதனூரில், பதிவேட்டுக் குறிப்பைக் கேட்ட ஆசிரியரைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் தாக்க முயன்ற காட்சியை நாடே பார்த்தது. அதே மாதத்தில் வேலூர் தொரப்பாடியில் மாணவர்கள் வகுப்பறை மேசைகளை உடைத்தார்கள். இரண்டு இடத்திலும் மாணவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். அவர்கள் செய்தது தவறுதான். ஆயினும் அவர்கள் எந்த ஆண்டுப் பிள்ளைகள்? கொரோனா நோயால் பள்ளிக் கதவு அடைபட்டு, ஏறத்தாழ ஈராண்டு வகுப்பறையே காணாமல், பலர் கூலிவேலைக்குச் சென்று பணம் பார்த்துத் திரும்பிய பிள்ளைகள். உழைத்த தோளோடு வந்தவனைப் பொடியன் என்று அதட்டினால் முறைக்கத்தான் செய்வான். அவனிடம் பேசத் தெரிந்த ஆலோசகர் ஒருவர் அப்பள்ளிக்கு வேண்டும். பிரம்பைத் திருப்பிக் கொடுத்தால் கலகம் இருமடங்காகும்.

ஆசிரியரும் அடிபடுகிறவரே என்பதையும் சொல்லிவிடவேண்டும். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் ஆய்வுக்கூட்டத்தில் தலைமையாசிரியரை நிறுத்தி வைத்துக் கேட்கிறார்கள். அவர் வந்து வகுப்பாசிரியரைக் கேட்கிறார். வகுப்பாசிரியர் யாரைக் கேட்பார்? மேலிருந்து உருண்டுவரும் அடி கடைசியில் வந்து விழுமிடம் தோல் தொழிலாளி மகனின் உள்ளங்கை. அதிகாரிகள் தங்கள் பிரம்பைக் கீழே வைக்காமல் ஆசிரியருக்குச் சுற்றறிக்கை அனுப்பிப் பயனென்ன?

சரி, நாம் செய்யக்கூடியது என்ன? கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு ஒன்றை வகுத்திருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். சட்டத்தின்படி பள்ளி அவர்கள் கையில். அந்தக் குழுவில் பள்ளிகொண்டா வட்டாரத் தோழர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவரவேண்டும். அரசைக் கண்டித்து அன்று, ஆசிரியரைக் கண்டித்தும் அன்று. "நாங்கள் வாயால் தந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம், எங்கள் பிள்ளைகளை அடிக்கவும் இழித்துரைக்கவும் எவருக்கும் எங்கள் இசைவு இல்லை, எங்களைப் பார்க்கவேண்டுமெனில் கூலி போகாத நேரத்தில் கூப்பிடுங்கள்" என்று நான்கு வரி. அதைப் படித்துக் கையொப்பமிட்டுத் தலைமையாசிரியர் அறையில் மாட்டிவைக்கவேண்டும். பிறகு 27ஆம் பிரிவைக் காட்டிக் காப்பாளரின் இசைவு என்று எவரும் வாதாட வழியிராது.

இதில் ஒரு தடை உண்டு. குழுக் கூட்டத்தை வேலைநாளில், வேலைநேரத்தில் வைத்தால், உறுப்பினரான தாய்மார் ஆம்பூர்ப் பக்கம் தையல் எந்திரத்தின்முன் அமர்ந்திருப்பார்கள். தீர்மானம் தலைமையாசிரியரும் வார்டு உறுப்பினரும் மட்டும் கையெழுத்திட்ட தாளாகப் போய்விடும். ஆகவே தோழர்கள் முதலில் கேட்டுப் பெறவேண்டியது கூட்டத்தின் நாளை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வையுங்கள் என்று கேளுங்கள். கம்பெனி வண்டி தெருமுனைக்கு வராத நாள் அது ஒன்றுதான்.