அமானிதமும் ஒரு யூரியாச் சாக்கும்

2023ஆம் ஆண்டு இரண்டாந் தவணையில், எங்கள் பாடசாலையில் இருந்த ஒரு தாய்ப்பூனையை யூரியாச் சாக்கில் கட்டி, மோட்டார் சைக்கிளில் மண்முனைப் பாலத்தால் கொண்டுபோய்ப் படுவான்கரையில் விட்டுவிட்டு வந்தார்கள். செய்தவர்கள் கெட்டவர்களல்லர். ஐவேளை தொழுபவர்கள். பாடசாலைச் சிரமதானத்துக்கு முதலில் வருபவர்கள். ஆகவேதான் அவர்களோடு வாதாட வேண்டியிருக்கிறது.

அந்தப் பூனை எந்த மனிதனையும் நம்பாத பூனை. உடைந்த கதிரை மேசைகள் குவிந்த களஞ்சிய அறைதான் அதன் இருப்பிடம். பின்னங்காலில் யாரோ சுடுதண்ணீர் ஊற்றிய தழும்பு. ஆள் அரவம் கேட்டாலே மறைந்துவிடும்.

பயந்த பிள்ளையைக் கூப்பிடாதே, அதன் பக்கத்தில் உன் வேலையைப் பார்த்துக்கொண்டிரு என்று ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அதையே செய்தேன். தினமும் ளுஹர் தொழுகை முடிந்ததும் ஒரு தகர மூடியைத் தட்டுவேன். கீரிமீன் தலைகளை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளியிருந்து கொப்பி திருத்துவேன். உற்றுப் பார்ப்பதில்லை. உற்றுப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல். கண்ணை மெல்ல மூடித் திறப்பது சமாதானம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் இதைப் பரிசோதித்து 2020இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

முதற் கிழமை நான் எழுந்து போன பிறகே வந்து தின்றது. மூன்றாங் கிழமை நான் இருக்கத் தின்றது. ஒருநாள் அவசரப்பட்டுக் கையை நீட்டினேன், கீறிவிட்டது. சவர்க்காரம் போட்டுக் கால் மணிநேரம் கழுவி, ஆஸ்பத்திரியில் ஊசியும் போட்டுக்கொண்டு, மறுபடி பத்தடியிலிருந்து தொடங்கினேன். இரண்டு மாதத்தின் பின் அது தானாக வந்து என் காலில் தலையை உரசியது.

சாக்கு கொண்டுவந்தவர்கள் அதை எப்படிப் பிடித்தார்கள்? தகர மூடியைத் தட்டினார்கள். அது வந்தது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். களஞ்சிய அறைக்குள் கண் திறந்தும் திறவாமலும் மூன்று குட்டிகள் கிடந்தன.

"நாங்க கட்டியா போட்டம் சேர்? அவுத்துத்தானே விட்டம்" என்றார் ஒருவர். பூனையைப் பட்டினி போட்டதனால் தண்டனை பெற்ற பெண்ணைப் பற்றிய ஹதீஸ் அவர் மனதில் இருந்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் அது. அப்பெண் தானும் உணவு கொடுக்கவில்லை; தேடித் தின்னவும் விடவில்லை. குசினி எங்கே, நாய் எங்கே என்று தெரியாத கரையில், மடி நிறையப் பாலோடு ஒரு தாயைக் கொட்டிவிட்டு வருவதா தேடித் தின்ன விடுவது? இங்கே கிடந்த குட்டிகளைப் பட்டினி போட்டது யார்?

அக்கரையில் இருப்பவர்களும் நம்மைப் போல மனிதர்கள். நமக்கு வேண்டாததை அவர்கள் வளவில் கொட்டும் உரிமையை யார் தந்தது? 1990க்குப் பின் இவ்விரு கரைகளுக்கும் இடையில் நம்பிக்கை எவ்வளவு அருமையான பண்டம் என்று நமக்குத் தெரியும். மண்முனைத் துறையில் பாதைக்காகக் காத்து நின்ற காலம் 2014இல் பாலம் திறந்ததோடு முடிந்தது. அந்தப் பாலத்தால் நாம் சாக்கு அனுப்புகிறோம்.

"பூனைக்குப் பாக்கிற இரக்கத்தக் கொஞ்சம் மனிசனுக்கும் பாருங்க" என்றார் இன்னொருவர். இரக்கம் என்ன கூப்பன் அரிசியா, ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் குறைய? நம்பி வந்ததைப் பிடித்துக் கட்டலாம் என்று அன்று பிள்ளைகள் கற்றதை அவர்கள் பூனையோடு மட்டும் நிறுத்திக்கொள்வார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

நோய்ப் பயம் நியாயமானது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. பெருக்கத்துக்குக் கருத்தடை இருக்கிறது. சாக்கு இரண்டுக்கும் மருந்தல்ல. மீன்கழிவு மதிலோரம் கிடக்கும்வரை, போன பூனையின் இடத்துக்கு இன்னொன்று வரும், வந்தும்விட்டது.

நபியவர்கள் பூனைக்காக அங்கியின் கையை அறுத்த கதையை மேடைகளில் சொல்லிக் கண்கலங்குகிறோம். ஆதாரபூர்வமான தொகுப்புகளில் அக்கதை இல்லை. அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருப்பது வேறொன்று. வுழூச் செய்யவிருந்த தண்ணீரைக் குடிக்கப் பூனை வந்தபோது, அபூ கதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். பூனை அசுத்தமல்ல, உங்களைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் சொன்னதையும் எடுத்துரைத்தார்கள். அவர்கள் பூனையைத் தூக்கவில்லை, பாத்திரத்தைத்தான் சாய்த்தார்கள். நம் கவிதைகளில் பூனையைக் குறியீடாக்கும் நண்பர்களும் இதைக் கவனிக்கட்டும்.

என் குற்றத்தையும் எழுதவேண்டும். பயந்த உயிரொன்றை நம்பவைப்பவன் ஓர் அமானிதத்தை ஏற்கிறான். அது நம்பியது என்னை என்று நினைத்திருந்தேன். தகரச் சத்தத்தையும் சேர்த்தே நம்பியிருக்கிறது. அந்தச் சத்தத்தை எவரும் எடுத்தாளலாம் என்று நான் யோசிக்கவில்லை. அதிபரிடம் சொல்லி, மிருக வைத்தியரிடம் காட்டி, இது பாடசாலைப் பூனை என்று ஊரறிய வைத்திருக்க வேண்டும். செய்யவில்லை. மீன்தலை வைத்ததோடு கடமை முடிந்ததென்று இருந்துவிட்டேன்.

அடுத்த நாள் படுவான்கரைக்குப் போய்த் தகரத்தைத் தட்டிப் பார்த்தேன். நாய்கள்தான் வந்தன.

குட்டிகளில் இரண்டு மௌத்தாகிவிட்டன. மிஞ்சியது என் வீட்டில் வளர்கிறது. இரண்டாங் கிழமைக்கும் ஏழாங் கிழமைக்கும் இடையில் மனிதக் கை பழகிய குட்டி பிறகு மனிதருக்கு அஞ்சாது என்பார்கள். உண்மைதான். அது யார் கூப்பிட்டாலும் போகிறது. எனக்குத்தான் பயமாயிருக்கிறது.