ரொட்டி நிலவுகள்

ஒரு மனிதர் தன் ஆயுளில் எத்தனை நிலவைப் பார்த்திருப்பார்? மும்பை ஓவியர் ஜிதிஷ் கல்லாட் தன் தந்தைக்காகக் கணக்குப் போட்டார். 62 வருட வாழ்க்கை. 22,000க்கும் மேற்பட்ட இரவுகள். ஃபோர்ட் பகுதியின் கெமோல்ட் பிரஸ்காட் ரோடு காலரியில் 2011இல் அவர் வைத்த ‘எபிலாக்’ படைப்பில் 753 புகைப்படங்கள், மாதத்துக்கு ஒன்று. அருகில் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட நிலவு இல்லை. எல்லாம் ரொட்டி. முழு ரொட்டி பௌர்ணமி. கடிக்கக் கடிக்கத் தேய்பிறை. தந்தை இறந்த 1998ஆம் வருடத்தோடு வரிசை நின்றுவிடுகிறது.

சாப்பாட்டையும் சாவையும் ஒரே இடத்தில் வைப்பது ஓவியத்துக்குப் புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் பழத்தட்டுக்குப் பக்கத்தில் மண்டையோட்டை வைத்து நிலையாமையைச் சொன்னார்கள். பிகாரில் பிறந்த சுபோத் குப்தா 2006இல் எவர்சில்வர் பாத்திரங்களாலேயே ராட்சத மண்டையோடு ஒன்றைச் செய்தார். பெயர், ‘மிகவும் பசித்த கடவுள்’. பிரெஞ்சுக் கோடீஸ்வரர் பினோவின் சேகரிப்பில் சேர்ந்து, 2007இல் வெனிஸ் கால்வாய் ஓரத்தில் மின்னியது. மாட்டுங்கா பாத்திரக்கடையில் பார்க்கும் அதே தூக்கும் குண்டானும்தான். அது பிரமிக்க வைக்கிறது. கல்லாட்டின் ரொட்டியோ கணக்குக் கேட்கிறது.

பசித்தவர்கள் நிறைந்த ஊரில் ரொட்டியைப் படமெடுத்து ஏசி அறையில் மாட்டுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கணக்கு நமக்குப் பழக்கமானது. இடுப்பில் குழந்தை, கையில் கிண்ணம், வானத்தில் நிலா: நிலாச்சோற்றில் தொடங்கி வாய்க்கரிசியில் முடிகிறது நம் சாப்பாடு. அதற்கப்புறமும் விடுவதில்லை. அமாவாசை தோறும் காக்கைக்கு ஒரு கவளம்.

விடியுமுன் தாராவியில் இட்லி அவித்து, பாத்திரத்தை சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தமிழர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு தட்டிலும் வெள்ளை நிலவுகள். அவர்கள் எத்தனை அவித்தார்கள், அதில் தாங்கள் எத்தனை தின்றார்கள் என்று எந்தப் பிள்ளை எண்ணியது?

‘எபிலாக்’கைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘முடிவுரை’ என்றால் கதை முடிந்துவிடுகிறது. ‘பின்னுரை’ என்பேன். பெற்றவர் போனபின் பிள்ளை எழுத வேண்டியது அது. செம்பூரில் அடுக்குமாடிக்குக் குடியேறிவிட்ட இட்லிக்காரர் மகனும் எழுதலாம். காலரி வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.