போர்ட் கொடுக்கும்போது இரண்டு தடையியும் கொடுங்கள்



கண்காட்சிக்கு முதல் நாள் ஒரு பிள்ளையின் தண்ணீர்த் தாங்கி மாதிரி நின்றுவிட்டது. "சேர், என்ர கோட்தான் பிழை" என்று அழுதாள். கோட் சரி. இஎஸ்பி32 போர்ட்டின் கால்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. அவள் பூட்டிய எச்சி-எஸ்ஆர்04 சென்சரின் எக்கோ காலில் 5 வோல்ட் வரும். யூடியூபில் அவள் பார்த்தது ஆர்டுயினோ ஊனோ. அது 5 வோல்ட்டிலேயே ஓடும், நேரே பூட்டலாம். இதுவும் சில நாள் ஓடும், அதுதான் ஏமாற்று. பிறகு அந்தக் கால் செத்துவிடலாம்.

எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம் தடையி, அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம். இரண்டும் சேரும் இடத்தில் 3.3 வோல்ட்டளவு கிடைக்கும், அதைப் போர்ட்டுக்குக் கொடுங்கள். (டிராக்டர் பற்றரியில் ஓடும் 12 வோல்ட் சென்சருக்கு இதே சோடியைப் போடாதீர்கள், 8 வோல்ட் வந்துவிடும்.)

ஓமின் விதியைப் பரீட்சைக்கு மட்டும் படிப்பித்த எங்களிலும் பிழை இருக்கிறது. வன்னிப் பாடசாலைகளுக்குப் போர்ட் அன்பளிப்புச் செய்யும் நல்ல உள்ளங்களே, பெட்டிக்குள் சில தடையிகளும் ஒரு மல்ரிமீற்றரும் வையுங்கள். தடையிகளுக்குப் பெரிய செலவில்லை. அந்தப் பிள்ளை உயர்தரத்தில் தொழினுட்பம் எடுக்க இப்போது தயங்குகிறாள்.