முதியோரின் பல்லும் மக்களின் கடமையும்

ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு. நோயின் கடுமையால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சாய்ந்திருந்தார்கள். அன்னையின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் கையில் மிஸ்வாக் குச்சியுடன் உள்ளே வந்தார்கள். பெருமானாரின் பார்வை அக்குச்சியின் மீது படிந்தது. குறிப்பறிந்த அன்னை, அதை வாங்கித் தரட்டுமா எனக் கேட்க, பெருமானார் தலையசைத்தார்கள். குச்சி கடினமாக இருந்தது. அன்னை அதனைத் தம் பல்லால் மென்மையாக்கிக் கொடுக்க, பெருமானார் பல் துலக்கினார்கள். சிறிது நேரத்தில் அவர்களின் புனித உயிர் பிரிந்தது. புகாரி நபிமொழித் தொகுப்பு தரும் செய்தி இது.

பல் தூய்மை எந்த வயதிலும் முடிந்துவிடும் காரியமன்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. தம்மால் இயலாதவருக்கு அதனை எளிதாக்கிக் கொடுப்பது உடனிருப்போரின் பொறுப்பு என்பதையும் உணர்த்துகிறது. முன்னதை நாம் மேடைதோறும் பேசுகிறோம், பின்னதை மறந்துவிட்டோம்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளின் திருமண விருந்துகளை நினைத்துப் பாருங்கள். பிரியாணித் தட்டின் முன் அமர்ந்து, இறைச்சியை ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் பிசைந்து விழுங்கும் பெரியவர்கள் எத்தனை பேர்! "வயதாகிவிட்டது, பல் போய்விட்டது" என்று நாமும் ஆறுதல் கூறிக்கொள்கிறோம்.

இது தவறான ஆறுதல். பற்களைப் பெரிதும் பறிப்பவை சொத்தையும் ஈறு நோயுமே, வயது மட்டுமன்று. எண்பது வயதிலும் இருபது பற்கள் என்ற இயக்கத்தை ஜப்பான் 1989இல் தொடங்கியது. 2016ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு எடுத்த கணக்கில், அவ்வயதினருள் பாதிக்கு மேற்பட்டோர் இருபது பற்களுடன் இருந்தனர். உரித்த தோலை உப்பிட்டுக் காக்காவிடில் கெட்டுவிடும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த மக்கள் நாம். பேணாதது கெடும் என்பதை நமக்கு வேறு யார் கற்பிக்க வேண்டும்?

பல் நோய் வாயோடு நிற்பதில்லை. நீரிழிவு ஈறுகளைக் கெடுக்கும். கெட்ட ஈறு நீரிழிவைக் கட்டுக்கடங்காமல் செய்யும். படுக்கையில் கிடக்கும் முதியவரின் வாயில் பெருகும் கிருமிகள் நுரையீரலுள் இறங்கிச் சளிக்காய்ச்சலை உண்டாக்கும். மெல்ல முடியாதவர் இறைச்சி, காய், பருப்பைக் கைவிட்டுக் கஞ்சியால் காலம் தள்ளி மெலிவார்.

அன்பர்களே! செய்ய வேண்டியவை அரியவை அல்ல. பெரியவரை ஆண்டுக்கு ஒரு முறையேனும் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கை நடுங்குபவருக்கு நீங்களே பல் துலக்கி விடுங்கள். பல் செட்டு அணிபவர் உளூவின்போது அதைக் கழற்றிக் கழுவி, வாயையும் கொப்பளிக்கட்டும். இரவில் கழற்றி நீரில் இட்டு வைக்கட்டும். பல்லே இல்லாதவரின் ஈறுகளையும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். புகையிலையை விலக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரங்களில் ஆறாத வாய்ப்புண்ணை மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள். அது புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

முதுமையடைந்த பெற்றோரை நோக்கிச் 'சீ' என்ற சொல்லையும் கூறலாகாது என்று திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் தடுக்கிறது. தந்தையின் வாய் நாற்றம் கண்டு முகத்தைத் திருப்பிக் கொள்பவர், அச்சொல்லை நாவால் கூறாமல் முகத்தால் கூறுகிறார். தோல் தொட்டியருகே நின்று உழைத்து, அந்த நாற்றத்தையெல்லாம் நமக்காகத் தாங்கியவர்கள் இவ்வூர்ப் பெரியவர்கள். அவர்கள் வாயருகே குனிந்து ஒரு நாழிகை பணிவிடை செய்வது நமக்குப் பெரிய காரியமா?

இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும், உங்கள் தாயிடமோ தந்தையிடமோ ஒன்று கேளுங்கள்: "மெல்லும்போது வலிக்கிறதா?" அவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.