உப்பு தின்ற லாரி: ஜெயில் டிரைவருக்கா?

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிச் செல்லும் சாலையில் கன்டெய்னர் லாரி யார் மேலாவது ஏறிவிட்டால், மறுநாள் ஒரே பல்லவி: "டிரைவரின் அஜாக்கிரதை!" டிரைவர் அகப்பட்டுவிட்டான், அப்புறம் விசாரணை எதற்கு? லாரிக்கு அடியில் குனிந்து பார்க்க எந்தக் கனவானுக்கும் மனமில்லை.

நாம் குனிந்து பார்ப்போம், தோழர்களே.

அலுமினியப் பாத்திரத்தில் ஊறுகாய் போட்டால் என்ன ஆகும்? பாத்திரம் கறுக்கும், நாளடைவில் ஊசி குத்தினாற்போல் பொத்தல் விழும். நம் தாய்மார்களுக்கு இதை யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. காற்றுப் பட்டதும் அலுமினியத்தின் மேல் தானாகவே ஒரு மெல்லிய தோல் படிகிறது. அதுதான் அதன் கவசம். உப்பு அந்தக் கவசத்தைத் துளைக்கிறது. பக்கத்தில் இரும்பு போல்ட் இருந்து, உப்பு ஈரமும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இரும்பை விட்டுவிட்டு அலுமினியம்தான் முதலில் அரிபடும். இரும்பின் துரு சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும். இதுவோ வெள்ளை மாவாகப் பூக்கும். தூசி என்று துடைத்துவிட்டுப் போய்விடலாம்.

கியர்பாக்ஸ் கூடு அலுமினியம். பல வண்டிகளில் ரேடியேட்டரும் அதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, காற்று பிரேக்கின் வால்வு. டிரைவர் உயிரை நம்பி மிதிப்பது அதைத்தான்! அது அரித்துக் காற்று கசிந்தாலோ, உள்ளே பிஸ்டன் சிக்கினாலோ, டன் கணக்கில் பாரம் ஏற்றிய வண்டி யார் சொல் கேட்டு நிற்கும்?

துறைமுக வாசலுக்காக இந்தச் சாலையில் லாரிகள் மணிக்கணக்கில், சில காலங்களில் நாள் கணக்கில், வரிசை கட்டி நின்றதை வடசென்னை ஜனங்கள் அறிவார்கள். கடல் சாரல் முழுவதும் வண்டி மேல். வரிசையை உண்டாக்கியது டிரைவரா?

திருவொற்றியூரில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். மெக்கானிக் ஒரு வால்வைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். விரல் நகத்தால் கீறினாலே பொடி உதிர்ந்தது. "எம்-சீல் வச்சி அனுப்புன்னு ஓனர் போன்ல சொல்றாருண்ணே. இன்னா பண்றது?" என்றார். பக்கத்தில் நின்ற டிரைவர் வாயே திறக்கவில்லை. திறந்தால் நாளைக்கு வேறு டிரைவர்.

சரியான வேலை ஒன்றும் பிரம்ம வித்தை அல்ல. நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவ வேண்டும். வெள்ளை மாவைச் சுரண்ட இரும்பு பிரஷ் ஆகாது. அதன் துகள் ஒட்டிக்கொண்டு அரிப்பை வளர்க்கும். மேலோட்டமான அரிப்பானால் சுத்தம் செய்து, பிரைமர் அடித்து, போல்ட்டுக்கு நைலான் வாஷர் போட்டால் போதும். கூட்டில் விரிசல் என்றால் ஆர்கான் வெல்டிங் உண்டு. ஆனால் பிரேக் வால்வில் குழி விழுந்தால் ஒட்டுப் போடுவதே கூடாது. தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும். அதற்குப் பணமும் வேண்டும், வண்டி ஒரு நாள் நிற்கவும் வேண்டும். லாபத்துக்குப் பொறுக்காத நாள் அந்த ஒரு நாள்தான்!

ஒற்றை லாரியைக் கடனுக்கு வாங்கி ஓட்டுபவரை இங்கே சேர்த்துத் திட்ட நான் வரவில்லை. அவரும் தவணைக்கு நடுங்குகிறவர். வாடகையை நசுக்கும் பெரிய கம்பெனிகளைச் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, பழுதான வண்டியை ஓட்டியவரை மட்டுமல்ல, பழுது தெரிந்தும் ஓட்ட அனுமதித்தவரையும் குற்றவாளி என்கிறது. ஆனால் தண்டனையைப் பாருங்கள்: விபத்து நேர்ந்தாலும் முதல் தடவைக்கு அதிகபட்சம் மூன்று மாதம். டிரைவர் மேல் பாயும் அஜாக்கிரதைக் குற்றத்துக்கோ, 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தின் 106-வது பிரிவில் ஐந்து வருஷம் வரை! பழைய சட்டத்தில் அது இரண்டு வருஷமாக இருந்தது. முதலாளிக்கு மாதம், தொழிலாளிக்கு வருஷம்! அந்த மூன்று மாதத்துக்காவது எத்தனை கம்பெனி முதலாளிகள் கூண்டில் ஏறினார்கள்?

ஆகவே டிரைவர் தோழர்களே, வாய்மொழியாகச் சொன்னது கோர்ட்டில் நிற்காது. வால்வில் வெள்ளை பூத்திருந்தால் சாவியைத் திருகுவதற்கு முன்பே செல்போனில் படம் எடுங்கள். வண்டி நம்பரும் தேதியும் எழுதி ஓனருக்கு அனுப்புங்கள். "பழுது எனக்குத் தெரியாது" என்று அவர் பிறகு சொல்ல முடியாது. பழுது தீராமல் வண்டியை எடுக்காதீர்கள். எடுத்தால் அதே பிரிவு உங்கள் மேலும் பாயும். தனியாக மறுத்தால் வேலை போகும். யார்டில் இருக்கும் டிரைவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து மறுங்கள். கூடவே, யார்டிலேயே வண்டி கழுவ நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்று கேளுங்கள்.